குதிரைச் சின்னம் வைத்த கான்டெஸ்ஸாவுக்கு என்ன விலை? ரெப்ளிகா கார்களை மதிப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொள்ளாச்சிக்கு அருகே ஒரு தென்னந்தோப்பு. கொட்டகை ஓரத்தில் தார்ப்பாயை விலக்கியதும் என் மருமகன் அப்படியே நின்றுவிட்டான். கருநீல வண்ணம், நீண்ட பானெட், சரிந்து இறங்கும் பின்கூரை, முன் கிரில்லில் ஓடும் குதிரை. அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனம் செய்த 1967-ஆம் ஆண்டு மஸ்டாங் ஃபாஸ்ட்பேக் கண்முன் நிற்பது போலவே இருந்தது. உரிமையாளர் சொன்ன விலை 32 லட்சம். “அமெரிக்காவில் இது கோடிக்கு மேல் போகிறதுங்க. நான் 32-தான் கேட்கிறேன்” என்றார். ஆர்.சி. புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கான்டெஸ்ஸா, 1991 என்று இருந்தது.

அவர் எதையும் மறைக்கவில்லை. கான்டெஸ்ஸாவின் மேல் கட்டியது என்று தொலைபேசியிலேயே சொல்லியிருந்தார். தவறு அவர் விலை போட்ட முறையில் இருந்தது. கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் இப்படிப்பட்ட ரெப்ளிகா கார்களை, அதாவது அசலைப் போலவே கட்டிய நகல்களைப் பார்க்க என்னைப் பலர் அழைத்திருக்கிறார்கள். விற்பவர், வாங்குபவர் இருவருமே அநேகமாக ஒரே இடங்களில்தான் இடறுகிறார்கள். கைப்பணத்தையும் பல ஆண்டு ஆசையையும் சேர்த்துப் போடுகிற விஷயம் இது என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அசலின் விலையை அளவுகோலாக எடுப்பது

முதல் தவறும் பெரிய தவறும் இதுதான். அசலின் விலையில் பாதி, கால் பங்கு என்று வைத்து நகலின் விலைக்கு இறங்கி வருகிறார்கள். இரண்டுக்கும் இடையில் அப்படி ஒரு விகிதமே கிடையாது.

மஸ்டாங் 1964 ஏப்ரலில் விற்பனைக்கு வந்தது. முதல் 12 மாதங்களிலேயே 4 லட்சத்துக்கும் மேல் விற்றது. ஆகவே பழைய மஸ்டாங் என்பதாலேயே ஒரு கார் அரியதாகிவிடாது. 1967-இல் ஷெல்பி ஜி.டி.500 என்ற பெயரில் வெளிவந்த மஸ்டாங்குகள் 2,048 மட்டுமே. 1969-இல் இசட்.எல்.1 என்ற அலுமினிய இன்ஜினுடன் வந்த ஷெவர்லே கமாரோக்கள் 69. 1971-இல் ஹெமி என்ற இன்ஜினுடன் வந்த, கூரை மடக்கும் பிளைமவுத் குடா கன்வர்டிபிள் 11. ஷெல்பி கோப்ரா என்ற ஸ்போர்ட்ஸ் காரில் முதலாவதாகக் கட்டிய கார் 2016-இல் ஏலத்தில் 1 கோடியே 37.5 லட்சம் டாலருக்குப் போனது. அந்தப் பணம் உடலின் வளைவுக்காகக் கொடுக்கப்பட்டதல்ல. அந்தக் குறிப்பிட்ட கார், அந்த எண், அது கடந்து வந்த வரலாறு, அதற்கு உள்ள ஆவணம் ஆகியவற்றுக்காகக் கொடுக்கப்பட்டது. வளைவை நம் ஊர் டிங்கரும் அடித்துத் தருவார். மற்றவற்றை எந்தப் பட்டறையிலும் செய்ய முடியாது.

காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலையாக இருந்து, மாதங்கள் போகப் போக நிறம் மாறும் என்பது நம் பக்கத்துச் சிறுவர்களுக்கும் தெரியும். அதனால்தான் மாடு பிடிக்கப் போகிற பெரியவர்கள் நிறத்தோடு நிற்காமல் பல்லையும் சுழியையும் பார்க்கிறார்கள். காருக்குப் பல் பார்க்கிற இடம், அதில் பொறித்திருக்கும் அடையாள எண்ணான சேசிஸ் எண்ணும் ஆர்.சி. புத்தகமும்தான்.

எல்லா நகலும் ஒன்றே என்று நினைப்பது

நகல்களுக்குள் பல சாதிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் சந்தை வேறு. அமெரிக்காவில் பான்டியாக் லெமான்ஸ் காரை எடுத்து அதன் விலை உயர்ந்த உடன்பிறப்பான ஜி.டி.ஓ. போல மாற்றுவார்கள். இரண்டும் ஒரே நிறுவனத்தின் ஒரே எலும்புக்கூடு. 1966 முதல் சில ஆண்டுகளுக்கு ஜி.டி.ஓ.வின் சேசிஸ் எண் 242 என்றும் லெமான்ஸின் எண் 237 என்றும் தொடங்குவதால் வேடத்தைக் கண்டுபிடித்துவிடலாம். 1964, 1965-இல் ஜி.டி.ஓ. என்பது கூடுதல் தொகுப்பாகவே விற்கப்பட்டதால் எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. பழைய ஆவணம் வேண்டும். 1969 கமாரோவும் அப்படித்தான். எட்டு சிலிண்டர் என்பது எண்ணில் தெரியும், எஸ்.எஸ். ரகமா இசட்-28 ரகமா என்பது தெரியாது. இத்தகைய நகலுக்குக் கீழே நிற்பது நிஜமான அந்தக் காலத்து அமெரிக்கக் கார். வேடத்தைக் கலைத்தாலும் லெமான்ஸுக்கு என்று ஒரு விலை இருக்கிறது.

கோப்ரா நகல்கள் இன்னொரு வகை. ஃபாக்டரி ஃபைவ் நிறுவனம் பாகங்களைப் பெட்டி பெட்டியாகத் தர, வாங்கியவர் வீட்டில் பூட்டிக்கொள்கிறார். தென்னாப்பிரிக்காவில் கட்டப்படும் சூப்பர்ஃபார்மன்ஸ் கோப்ராவின் உடலும் சேசிஸும் தொழிற்சாலையிலேயே தயாராகிவிடும். அங்கே விலை பேசும்போது யார் கட்டியது, எந்த இன்ஜின், பூட்டியவரின் கை எப்படி என்றுதான் கேட்கிறார்கள். கோப்ராவின் வயது அங்கே பேச்சிலேயே வராது.

நம் தோப்புக் கார் மூன்றாவது வகை: வேறொரு நிறுவனத்தின் வேறொரு காரின் மேல் போர்த்திய உருவம். இதற்கு லெமான்ஸ் கணக்கையோ கோப்ரா கணக்கையோ கொண்டுவரக் கூடாது. இதன் அடிமதிப்பு நல்ல நிலையில் உள்ள ஒரு கான்டெஸ்ஸாவின் மதிப்பு. அந்தக் கான்டெஸ்ஸா அசல் உருவத்தில் இருந்திருந்தால் இன்று அதையே தேடி வாங்குகிற ரசிகர்கள் உண்டு. ஆகவே மாற்றியதால் மதிப்பு கூடியதா குறைந்ததா என்ற கேள்வியும் இங்கே எழுகிறது. பல முறை குறைந்துதான் இருக்கிறது.

செலவு செய்ததை விலையாகக் கூட்டுவது

உரிமையாளர் ஒரு நோட்டில் கணக்கு வைத்திருந்தார். கார் 3.5 லட்சம், டிங்கரிங்கும் உடல் வேலையும் 9 லட்சம், பெயிண்ட் 2.5, சீட்டும் உள் வேலையும் 2, வீலும் டயரும் 1.5, வெளிநாட்டிலிருந்து வரவழைத்த விளக்கு, கிரில், சின்னங்கள் 3, சில்லறைச் செலவு 2.5. ஆக 24 லட்சம். அதன் மேல் 8 லட்சம் லாபம் வைத்து 32 சொன்னார். கணக்கில் பிழை இல்லை. ஆனால் அது அவருடைய செலவுக் கணக்கு.

அந்த 9 லட்சத்தில், பின்கூரை முதலில் சரியாக வராமல் அறுத்தெடுத்து இரண்டாம் முறை கட்டிய கூலியும் இருந்தது. திருப்பூரில் ஒரு லாட் துணிக்குச் சாயம் சரியாக ஏறாமல் மறுபடி சாயப்பட்டறைக்கு அனுப்பினால், இரண்டு சாயக்கூலியையும் வாங்குபவர் தருவாரா? காரிலும் அதே நியாயம்தான்.

நான் போடும் கணக்கு வேறு. முதலில் அடிப்படைக் காரின் இன்றைய மதிப்பு. அடுத்து, கழற்றித் தனியே விற்கக்கூடிய பாகங்களின் மதிப்பு. வீல், டயர், விளக்கு, கிரில் எல்லாம் இதில் அடங்கும். மூன்றாவது கைவேலை. அதற்கு நிலையான விலை இல்லை. அந்த உருவத்தை விரும்பி, அதற்குப் பணமும் வைத்திருக்கிற எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதே அதைத் தீர்மானிக்கும். நான்கு பேர் கேட்டு வந்தால் ஒரு விலை, ஒருவர் மட்டும் வந்தால் ஒரு விலை. கடைசியாக, ஆவணத்தில் உள்ள சிக்கலுக்கான கழிவு. பெரிய தொகை அடிபடுவது இந்த இடத்தில்தான்.

ஆவணத்தைக் கடைசியில் பார்ப்பது

உருவத்தில் மயங்கி, விலை பேசி, முன்பணம் கொடுத்த பிறகு ஆர்.சி.யைக் கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். காரைப் பார்க்கும் முன்பே ஆவணத்தைப் பார்க்க வேண்டும்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட அமைப்பிலிருந்து வாகனத்தை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. வண்ணம் மாற்றுவது போன்ற சிறு மாற்றம் வேறு; கூரையை அறுத்து உருவத்தையே மாற்றுவது வேறு. இன்ஜினை மாற்றியிருந்தால் முன் அனுமதியும் ஆர்.சி.யில் பதிவும் இருக்க வேண்டும். தனியார் காரின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும், அதன் பிறகு 5 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். 1991-இல் பதிவான கார் என்றால் 2006-இல் முதல் புதுப்பித்தல், பிறகு 2011, 2016 என்று போகும். ஒவ்வொரு முறையும் வண்டியை ஆய்வாளர் முன் நிறுத்த வேண்டும். ஆர்.சி.யில் கான்டெஸ்ஸா, எதிரில் நிற்பது மஸ்டாங் என்றால் அவர் என்ன செய்வார்? கடைசிப் புதுப்பித்தல் உடல் மாற்றத்துக்கு முன்பு நடந்ததா, பின்பு நடந்ததா என்பதை விற்பவரிடம் நேராகக் கேளுங்கள். அதற்குப் பதில் இழுத்தடித்து வந்தால் அந்தக் காரைச் சாலையில் ஓடும் காராக மதிப்பிடாதீர்கள். தோட்டத்தில் நிறுத்தி ரசிக்கிற பொருளாக மட்டும் மதிப்பிடுங்கள்.

“இன்னும் சில வருடத்தில் வின்டேஜ் பதிவு வாங்கிவிடலாம்” என்ற வாக்குறுதியும் அடிக்கடி காதில் விழுகிறது. 2021-இல் வந்த விதியின்படி வின்டேஜ் பதிவுக்கு வாகனம் 50 ஆண்டைக் கடந்திருக்க வேண்டும். சேசிஸ், உடற்கூடு, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இல்லாமல் அசல் வடிவில் இருக்கவும் வேண்டும். கான்டெஸ்ஸா தயாரிப்பு தொடங்கியதே 1984-இல்தான். மிகப் பழைய கான்டெஸ்ஸாவுக்கும் 50 வயது 2034-இல்தான் ஆகும். மஸ்டாங்காக மாறிவிட்ட கான்டெஸ்ஸா அப்போதும் அசல் வடிவம் என்ற நிபந்தனையில் நின்றுவிடும்.

இன்ஷூரன்ஸ் சீட்டில் உள்ள தொகையைச் சந்தை மதிப்பு என்று காட்டினால் நம்ப வேண்டாம். 5 ஆண்டுக்கு மேற்பட்ட வாகனத்துக்கு அந்தத் தொகை நிறுவனமும் உரிமையாளரும் பேசி வைத்துக்கொள்வது. மாற்றங்களைத் தெரிவிக்காமல் எடுத்த பாலிசி என்றால், விபத்து நேரத்தில் அந்தத் தொகையும் கைக்கு வராமல் போகலாம்.

வாயால் சொன்ன விலையை முடிந்த விலை என்று எண்ணுவது

மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். வெளியே உரக்கச் சொல்வது ஒன்று, துண்டுக்குள் முடிவது ஒன்று. இணையத்தில் கார் விற்பனை விளம்பரங்களில் இருப்பது உரக்கச் சொன்ன விலை. அதே கார் 8 மாதமாக அதே விலையில் நிற்கிறது என்றால், அந்த விலைக்கு ஆள் இல்லை என்றுதான் பொருள். விற்றவர்களைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள். இந்த வட்டாரத்தில் இப்படிப்பட்ட கார்கள் கைமாறுவது குறைவு. இரண்டு மூன்று பேரிடம் கேட்டாலே துண்டுக்குள் முடிந்த எண் தெரிந்துவிடும்.

பளபளப்பைப் பார்த்து உடலை நம்புவது

பெயிண்டில் முகம் தெரிகிறது என்பதால் உள்ளே இரும்பு நன்றாக இருக்கிறது என்று ஆகாது. ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி உடல் முழுவதும் நகர்த்துங்கள். இரும்பு உடலில் காந்தம் பிடி தளரும் இடத்தில் பட்டி தடிமனாகப் பூசப்பட்டிருக்கிறது. ஃபைபர் உடல் என்றால் காந்தத்துக்கு வேலை இல்லை. கதவுக் கீல், பானெட் மூலை, விளக்குக் குழி ஆகிய இடங்களில் சிலந்தி வலை போன்ற விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள்.

கான்டெஸ்ஸாவுக்கு லாரி போல உடலுக்கு அடியில் தனிச் சட்டமாக நிற்கும் சேசிஸ் கிடையாது. உடலே எலும்பு. லாரிக்கு கேபின் மாற்றுவது போல அதன் கூரையை மாற்ற முடியாது. கூரையைத் தாங்கும் தூணை அறுத்தால் கார் முறுக்கிக்கொள்ளும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. சமமான கெட்டித் தரையில் நிறுத்தி, ஒரு மூலையை மட்டும் ஜாக்கி வைத்துத் தூக்குங்கள். தூக்கிய நிலையில் கதவைத் திறந்து மூடுங்கள். கதவு உரசினாலோ பூட்டில் சேராமல் நின்றாலோ, உள்ளே போட வேண்டிய வலுவூட்டல் போடப்படவில்லை. அதைச் சரிசெய்யும் செலவு பெயிண்டையும் சேர்த்து விழுங்கும். பொள்ளாச்சித் தோப்பில் அன்று இதைச் செய்ய முடியவில்லை. ஈர மண்ணில் ஜாக்கி இறங்கிக்கொண்டே போனது.

பழைய வி8, அதாவது எட்டு சிலிண்டர் இன்ஜின்களின் குதிரைத்திறன் எண்ணைச் சொல்லி விலை ஏற்றுவதும் உண்டு. 1960-களில் அமெரிக்க நிறுவனங்கள் சொன்னவை, மின்னாக்கி, சைலன்சர் முதலியவை பூட்டாமல் தனி இன்ஜினில் அளந்த எண்கள்; 1972 வாக்கில்தான் காரில் பூட்டிய நிலைக்கு இணையான அளவுக்கு மாறினார்கள். தோப்புக் காரில் இருந்தது கான்டெஸ்ஸாவுடன் வந்த இசுசு 1.8 லிட்டர் பெட்ரோல் இன்ஜின். ஆர்.சி.யில் உள்ள எண்ணோடு பொருந்தியது. மருமகனுக்கு முகம் சுருங்கிவிட்டது. எனக்கு அது நிம்மதி. ஒரு சிக்கலாவது குறைந்தது.

கல்யாண வாடகையை வைத்துக் கணக்குப் போடுவது

“முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் வாடகைக்கு விட்டால் மூன்றே வருடத்தில் போட்டது வந்துவிடும்” என்று புரோக்கர்கள் சொல்வார்கள். சொந்த உபயோகத்துக்கு என்று பதிவான காரை வாடகைக்கு ஓட்டுவது சட்டப்படி குற்றம். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தமும் இல்லை. இந்த வருமானத்தை விலையில் ஒரு ரூபாய்கூடச் சேர்க்காதீர்கள்.

நகல்தானே என்று இரும்பு விலைக்குக் கேட்பது

இதுவும் தவறுதான், எனக்குக் கோபம் வருகிற தவறு. படத்தை மட்டும் பார்த்து, தகட்டைச் சுத்தியலால் தட்டித் தட்டி ஒரு பக்கச் சுவர் முழுவதையும் ஒரே ஓட்டமாகக் கொண்டுவருகிற டிங்கர் நம் ஊரில் இருக்கிறார். நாமக்கல்லில் லாரியும் கரூரில் பஸ்ஸும் கட்டிக் கட்டி வளர்ந்த கைத்திறனின் தொடர்ச்சி அது. கோவையில் கிடைக்காத சிறு பாகத்தை வார்த்து, லேத்தில் கடைந்து பூட்டியிருப்பார்கள். அந்த வேலை நன்றாக இருக்கிற இடத்தில் அதற்குரிய பணத்தைக் கொடுக்க வேண்டும். கேட்க வேண்டியது ஒன்றுதான்: வேலை நடந்தபோது எடுத்த படங்கள், பில்கள், செய்தவரின் பெயர். பெயிண்டுக்கு அடியில் இருப்பதைப் பார்க்க வேறு வழி இல்லை.

அன்று பொள்ளாச்சியில் நான் இதையெல்லாம் பொறுமையாகச் சொல்லி, ஆவணச் சிக்கலுக்குக் கழித்தது போக 11 லட்சத்துக்கு மேல் என்னால் மதிக்க முடியவில்லை என்றேன். உரிமையாளர் தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டார். காபி கொடுத்து அனுப்பினார், ஆனால் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மூன்று வாரம் கழித்து அவரே அழைத்தார். டிங்கரின் பழைய தொலைபேசியில் கூரைக்கு அடியில் குழாய்ச் சட்டம் வைத்துப் பற்றவைத்த படங்கள் 40 கிடைத்தனவாம். பில்கள் மஞ்சப்பையில் இருக்கின்றனவாம். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் உடல் மாற்றத்தைப் பற்றி எழுத்தில் கேட்டிருப்பதாகவும், பதில் வரும் வரை யாருக்கும் விற்பதில்லை என்றும் சொன்னார். “காரைக் கொப்பரை காயப்போடும் களத்துக்கு நகர்த்தி வைத்திருக்கிறேனுங்க. சிமென்ட் தரை. ஜாக்கி இறங்காது, வந்து பாருங்க” என்றார். ஞாயிற்றுக்கிழமை போகிறோம். மருமகன் இப்போதே ஜாக்கியையும் காந்தத்தையும் எடுத்து வைத்துவிட்டான்.