பாதரசத்தை தப்பான இடத்துல தேடாதீங்க: சாம்பிள் எடுக்கப் போறவங்களுக்கு

சின்ன அளவுல தங்கம் எடுக்கற காட்டுப் பகுதிகள்ல பாதரச மாசு அளக்க புதுசா வர்ற பசங்க, நாங்கல்லாம் ஆரம்பத்துல அடிச்ச அதே கூத்தை அச்சு பிசகாம அடிக்கறாங்க. கையுறை போடு, பாட்டில்ல தேதி எழுதுங்கறதெல்லாம் நான் சொல்லப்போறதில்ல.

காடு நிக்குதே, அப்ப சுத்தம்தானேன்னு நினைக்கறது

இது இன்னிக்கும் கடுப்பேத்துது. பெரு நாட்டு மாத்ரே தே தியோஸ் மாதிரி இடத்துல மரத்தை வெட்டி, மண்ணைத் தோண்டி, குட்டை குட்டையா விட்டுட்டுப் போன நிலத்தைப் பார்த்ததும் கண்ணு அங்கயே நின்னுடும், மழைத்தண்ணி பிடிக்கற பாட்டில் மொத்தத்தையும் அங்கயே வெச்சிடுவாங்க. போதாததுக்கு மழைமானின்னா மரமே இல்லாத வெளியில வைக்கணும்னு படிச்சிருப்பாங்க. மழை அளவுக்கு அது சரி, பாதரசத்துக்கு சரியில்ல.

தங்கத்தூளைப் பிடிக்க மண்ணுல பாதரசம் கலப்பாங்க, தங்கமும் பாதரசமும் சேர்ந்து வர்ற அமால்கங்கற கலவையை துணியில பிழிஞ்சு நெருப்புல காட்டுவாங்க, 357 டிகிரி செல்சியஸ்ல பாதரசம் கொதிச்சு ஆவியாப் போயிடும், தங்கம் நிக்கும். போன ஆவி எங்க போச்சு? பக்கத்து காட்டு இலைங்க கொஞ்சத்தை உள்ள இழுத்துக்குது, தூசியோட வர்றது இலை மேல ஒட்டிக்குது, அப்புறம் மழை கழுவியும் இலை உதிர்ந்தும் எல்லாம் தரைக்கு இறங்கிடுது. அதனால இலை அடர்த்தி கூடக்கூட இறங்கற பாதரசமும் கூடும். அங்க லாஸ் அமிகோஸ் காட்டுல பண்ணி 2022ல வெளிவந்த ஆய்வும் இதைத்தான் காட்டுச்சு, வெட்டாத காட்டுலதான் அதிகம், வெட்டவெளியில கம்மி.

இது தெரிஞ்சும் ஒரு டீம் முழு சீசனும் திறந்தவெளியில பிடிச்ச தண்ணிய வெச்சு "காத்து வழியா பாதிப்பு குறைவு"ன்னு எழுதிட்டு வந்தாங்க. மரத்தடியில ஒண்ணாவது வெச்சீங்களான்னு கேட்டா, "இலை விழுந்து அழுக்காயிடும்னு வைக்கல சார்." அந்த அழுக்குதான்யா டேட்டா! சீசன் போச்சு, காசு போச்சு, அத விட மோசம், அந்த நம்பரைக் காட்டி நாளைக்கு ஒருத்தன் சுரங்கத்தால காட்டுக்கு ஒண்ணுமில்லைன்னு வாதாடுவான்.

மரத்தடியில பாட்டில், உதிர்ற இலைக்கு வலை, ஒப்பிட்டுப் பாக்க வெளியில ஒண்ணு. மூணும் வேணும்.

ஆத்துத் தண்ணியில கம்மியா இருக்குன்னு சந்தோஷப்படறது

பாதரசம் வண்டல்ல ஒட்டிக்கிட்டு அடியில கிடக்கும். ஆக்சிஜன் இல்லாத சேத்துல, முக்கியமா அந்தக் கைவிட்ட குட்டைங்கள்ல, பாக்டீரியா அதை மீத்தைல் பாதரசமா, அதாவது உடம்புல சேர்ந்துக்கற விஷ வடிவமா மாத்தும், அப்புறம் சின்ன மீனைத் தின்ற பெரிய மீன், அதைத் தின்ற இன்னும் பெரிய மீன்னு ஏறிக்கிட்டே போகும். தண்ணியில கண்ணுக்கே படாத அளவு இருந்தாலும் வேட்டையாடற மீன்ல நல்லாவே காட்டும்.

எல்லா டப்பாவுலயும் "மீன்"னு எழுதறது

எந்த மீன், எவ்வளவு பெருசுங்கறதை வெச்சுதான் பாதரசம் மாறும், அதனால இனம், நீளம், எடை மூணும் எழுதுங்க. இல்லைன்னா அந்த சாம்பிளைத் தூக்கிப் போடுங்க.

நல்லா வேகவெச்சா போயிடும்னு ஊர்ல சொல்றது

போகாது. மீன்ல இருக்கற பாதரசம் சதையில புரதத்தோட ஒட்டியிருக்கு.

ரிட்டார்ட் குடுத்தா வேலை முடிஞ்சுதுங்கறது

ரிட்டார்ட்ங்கறது அமால்கத்தை எரிக்கற மூடின பாத்திரம். நல்லதுதான், எரிக்கும்போது வர்ற ஆவியைப் பிடிக்கும். ஆனா அரைச்ச மொத்த மண்ணுலயும் பாதரசத்தைக் கொட்டற இடத்துல பெரும்பங்கு கழிவு மண்ணோட முன்னாடியே போயிருக்கும். அப்புறம் தங்கம் வாங்கற கடையில திரும்ப உருக்கறப்ப மிச்சம் ஊருக்கு நடுவுலயே ஆவியாகுது, அங்க யாரும் அளக்கறதில்ல.

எல்லாருக்கும் முடி சாம்பிள் எடுக்கறது

மீன் சாப்பிடறவங்களுக்கு முடி, மீத்தைல் பாதரசம் அதுலதான் தெரியும். அமால்கம் எரிக்கறவங்களுக்கு சிறுநீர், மூச்சுல போன ஆவி அதுலதான் தெரியும்.