டைக்குவாண்டோ மோதலில் புள்ளி கணக்கிடும் முறை

யாழ்ப்பாணத்தில் பிள்ளைகளை டைக்குவாண்டோ போட்டிக்கு அனுப்பும் பெற்றோர், எந்த அடிக்கு எவ்வளவு பெறுமதி என்பதை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பின்பற்றப்பட்ட விதிகளின்படி, உடற்கவசத்தில் விழும் குத்துக்கு 1 புள்ளியும், உதைக்கு 2 புள்ளிகளும், தலையில் படும் உதைக்கு 3 புள்ளிகளும் வழங்கப்படும். சுழன்று உதைத்தால் உடலுக்கு 4, தலைக்கு 5. உதையைக் கவசத்திலுள்ள உணரி பதிவுசெய்யும். குத்தை நடுவர்களே கண்ணால் பார்த்து மதிப்பிடுவதால், அது தெளிவாகவும் வலுவாகவும் விழ வேண்டும்.

முகத்தில் குத்துதல், கீழே விழுதல், எல்லைக்கோட்டைத் தாண்டுதல் ஆகியவற்றுக்குக் கம்ஜொம் என்னும் தண்டனை விதிக்கப்பட்டு, எதிராளிக்கு 1 புள்ளி சேரும். ஒரே சுற்றில் 5 கம்ஜொம் பெற்றவர் அச்சுற்றை இழப்பார்.

2 நிமிடச் சுற்றுகள் மூன்றில் இரண்டை வென்றவரே வெற்றியாளர். ஒவ்வொரு சுற்றும் 0 இலிருந்தே தொடங்குவதால், முதற்சுற்றில் பெரும் வித்தியாசத்தில் தோற்ற பிள்ளையைச் சோர்ந்துவிட விடாதீர்கள்.