வாய் திறக்காத மாலை வகுப்பைப் பேசவைத்த விதம்

திருகோணமலைப் பக்கம் உப்புவெளியில் பெரியவர்களுக்குப் பேச்சு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். ஓட்டோக்காரர், விடுதி ஊழியர், புறாத்தீவுக்குப் படகு விடுபவர்கள் வருவார்கள். கேள்வி கேட்டால் வகுப்பே ஊமையாகிவிடும். தேத்தண்ணி இடைவேளைக்குப் பிறகு பாதிப்பேர் திரும்புவதில்லை.

புரொஜெக்டர் கொண்டுவந்தேன், படம் பார்த்தார்கள், பேசவில்லை. பரிசு வைத்தேன், முன்வரிசையில் அதே இருவர்தான் வாங்கிப் போனார்கள். கேள்வி கேட்டபின் 3 விநாடியாவது பொறுத்தால் நல்ல பதில் வரும் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் காட்டியிருக்கிறார். அது பள்ளிப் பிள்ளைகளிடம். இங்கே எவ்வளவு பொறுத்தாலும் எல்லோர் கண்ணும் ஒரே ஆள்மீது போனது.

சங்கதி அந்தப் பார்வையில்தான் இருந்தது. நடுவரிசையில் ஒரு விடுதி முதலாளி. பின்னால் அவரிடம் வேலைசெய்யும் பொடியன்கள். முதலாளி பேசாமல் இவர்கள் பேசுவார்களா? அவருக்கோ இவர்கள் முன்னால் பிழைவிடக் கூச்சம்.

சரி, இடத்தை மாற்றினேன். முதலாளிக்கு ஒரு படகுக்காரர் ஜோடி. கேள்வி கொடுத்ததும் முதலில் இருவரும் தங்களுக்குள் கதைக்க வேண்டும். அப்புறம் ஒருவரிடம் அவருடைய ஜோடியைக் காட்டி "அவர் என்ன சொன்னார்?" என்றுதான் கேட்பேன். பிழை வந்தாலும் சொல்பவர் தலையில் விழாது, பாருங்கள்!

கேள்வியும் அவர்கள் தொழிலிலிருந்துதான். வாடைக் காற்றில் கடல் கொந்தளிக்கிறது, படகு போகாது. முற்பணம் கட்டிய வெள்ளைக்காரருக்கு என்ன சொல்வீர்கள்? காசைத் திருப்பிக் கொடுப்பதா என்று முதலாளியும் படகுக்காரரும் ஆங்கிலத்திலேயே வாக்குவாதப்பட்டார்கள். இடைவேளைக்கு எழுப்ப நான் கைதட்ட வேண்டியதாயிற்று.