மூன்று வாரம் பதிலே வராத சொலிசிட்டர்

கிழக்கு லண்டனில் லீஸ்ஹோல்ட் (நீண்டகாலக் குத்தகை உரிமையுள்ள) ஃபிளாட் ஒன்று வாங்கிக்கொண்டிருந்தோம். விற்பவரின் சொலிசிட்டருக்கு, அதாவது வழக்கறிஞருக்கு, எங்கள் தரப்பு கேள்விகளை அனுப்பி மூன்று வாரம் ஆகியும் பதில் இல்லை. எப்போது கேட்டாலும் எங்கள் சொலிசிட்டர், "காத்திருக்கிறோம்" என்றார், அவ்வளவுதான்.

எங்கள் சொலிசிட்டர் அலுவலகத்துக்குத் தினமும் போன் செய்தேன். வரவேற்பில் குறித்துக்கொண்டதோடு சரி. புகார் கொடுக்கலாமா என்று பார்த்தேன். அதை முதலில் அந்தச் சொலிசிட்டர் நிறுவனத்திடமே கொடுத்து, எட்டு வாரம் வரை பொறுத்த பிறகுதான், வழக்கறிஞர்கள் மேலான புகார்களை விசாரிக்கும் லீகல் ஆம்புட்ஸ்மனிடம் போக முடியும். அதுவும் நம் சொலிசிட்டர் மேல்தான். எதிர்த்தரப்புச் சொலிசிட்டர் மேல் பொதுவாக எடுக்க மாட்டார்கள்.

அப்புறம் எங்கள் சொலிசிட்டரிடம் மின்னஞ்சலில் ஒரே கேள்வி கேட்டேன்: "எத்தனையாவது கேள்வி நிற்கிறது, அது இப்போது யார் கையில்?" மறுநாளே பதில் வந்தது. 7 முதல் 12 வரை, எல்லாம் சர்வீஸ் சார்ஜ் (கட்டடப் பராமரிப்புக் கட்டணம்) பற்றியவை. அவற்றுக்குச் சொலிசிட்டர் பதில் எழுதுவதே இல்லையாம். கட்டடத்தை நிர்வகிக்கும் மேனேஜிங் ஏஜென்ட்தான், லீஸ்ஹோல்ட் விவரங்களுக்கான எல்.பி.இ.1 (LPE1) படிவத்தில் தர வேண்டும். அதற்கான கட்டணத்தை விற்பவர் கட்டவில்லை, கட்டச் சொல்லி வந்த மின்னஞ்சல் அவருடைய ஸ்பாமில் கிடந்தது.

எஸ்டேட் ஏஜென்ட் வழியாகச் சொல்லி அனுப்பினேன். அன்று மாலையே கட்டிவிட்டார். ஒன்பதாம் நாள் படிவம் வந்து சேர்ந்தது.