ஹாலிவுட் போலில் ஜாஸ்: டிக்கெட்டில் பணம் போகும் இடங்கள்

லாஸ் ஏஞ்சலஸின் ஹாலிவுட் போல் (Hollywood Bowl), 1922-இல் தொடங்கிய திறந்தவெளி அரங்கம். மலைச்சரிவில் ஏறத்தாழ 17,500 பேர் உட்காரலாம். ஜூன் மாதம் சனி, ஞாயிறு இரண்டு நாளும் இங்கே ஜாஸ் விழா நடக்கும். ஒரு நாள் டிக்கெட் மறுநாளுக்குச் செல்லாது. இது தெரியாமல் ஒன்றை மட்டும் வாங்கிவிட்டு விழிப்பவர்கள் உண்டு.

பெரிய நஷ்டம் அவசரத்தில்தான் வருகிறது. கோடைக்கால நிகழ்ச்சிகளை வழக்கமாகப் பிப்ரவரியில் அறிவிப்பார்கள். டிக்கெட் முதலில் கச்சேரித் தொடருக்குச் சந்தா கட்டிய சந்தாதாரர்களுக்கு, பிறகு பல கச்சேரிகளைச் சேர்த்து வாங்குவோருக்கு. தனி டிக்கெட் பெரும்பாலும் மே முதல் வாரத்தில்தான் வெளிவரும். மார்ச்சிலேயே ஒரு தளம் தனி டிக்கெட் காட்டினால், அது சந்தாதாரர் ஒருவர் மறுவிற்பனைக்கு விட்டதாக இருக்கலாம். இல்லையென்றால் கையில் டிக்கெட்டே இல்லாத ஒருவர், மே மாதம் வாங்கித் தரலாம் என்ற நம்பிக்கையில் இன்றே விற்கிறார். பகுதியின் பெயர் மட்டும் போட்டு வரிசை எண்ணும் இருக்கை எண்ணும் தராவிட்டால் இந்த இரண்டாம் ரகமோ என்று சந்தேகப்படுங்கள்.

கூகுளில் முதலில் வரும் இணைப்பு விளம்பரமாக இருக்கலாம். அரங்கத்தின் பெயரோடு இன்னொரு சொல்லை ஒட்டிய முகவரிகள் பல உண்டு. அரங்கத்தின் சொந்தத் தளம் ஹாலிவுட்போல் டாட் காம், அங்கிருந்தே தொடங்குங்கள். அரங்கத்துக்காக விற்கும் டிக்கெட்மாஸ்டர் தளத்தின் இருக்கை வரைபடத்திலும் மறுவிற்பனை இருக்கைகள் கலந்தே தெரியும். வடிகட்டியில் அதை அணைத்துவிட்டுப் பாருங்கள். 'சரிபார்க்கப்பட்ட மறுவிற்பனை' என்றால் டிக்கெட் அசல் என்றுதான் பொருள், விலை நியாயம் என்றல்ல. 2025 மே 12 முதல் அமெரிக்காவில் கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்த மொத்த விலையை முதலிலேயே காட்டவேண்டும் என்பது விதி. ஒப்பிடும்போது அந்த மொத்தத்தையே ஒப்பிடுங்கள். பார்க்கிங் அதில் வராது.

அடுத்து, எதில் உட்காரப்போகிறீர்கள் என்பது. முன்பகுதியில் உள்ள பாக்ஸ் என்பது நான்கு அல்லது ஆறு நாற்காலிகள் போட்ட சின்னத் தடுப்பு. இரண்டு டிக்கெட் மட்டும் வாங்கினால் மீதி நாற்காலிகளில் முன்பின் தெரியாதவர்கள் முழங்கால் இடிக்க உட்காருவார்கள். உங்கள் சாப்பாட்டுக் கூடைக்கும் அங்கேதான் இடம் பார்க்கவேண்டும். சூப்பர் சீட் என்பது சாய்மானம் உள்ள தனி இருக்கை. மேலே உள்ள பெஞ்ச் மரப்பலகை இருக்கை. சாதாரண மாலைக் கச்சேரிக்குப் பலகை தாராளம். ஆனால் விழா பிற்பகலில் தொடங்கி இரவு வரை நீளும். சுழல்மேடை என்பதால் ஒரு குழு இறங்க அடுத்தது வந்துவிடும், நீண்ட இடைவேளை கிடையாது. மெத்தை வாடகைக்குக் கிடைக்கும். ஆனாலும் விழாவுக்கு எங்கள் ஓட்டு சூப்பர் சீட்டுக்கே. தலைக்கு மேல் கூரை இல்லை, தொப்பி கட்டாயம்.

ஒயின் பாட்டிலோடு வந்து வாசலில் மாட்டிக்கொள்வோர் டிக்கெட்டில் ஒரு வரியைப் படிக்காதவர்கள். லாஸ் ஏஞ்சலஸ் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு வழங்கும் நிகழ்ச்சியென்றால் வெளி மது கொண்டுவரலாம். ஜாஸ் விழா அந்த வகை. அரங்கத்தை வாடகைக்கு எடுத்து வேறொருவர் நடத்தும் இரவில் அது நடக்காது. வழங்குபவர் யார் என்று வாங்கும்போதே பாருங்கள்.

இங்கே கார்களை ஒன்றன்பின் ஒன்றாக அடைத்து நிறுத்துவார்கள். முன்னால் நிற்பவர் வந்து வண்டியை எடுக்கும்வரை நீங்கள் நகர முடியாது; பாதியில் கிளம்பும் எண்ணம் இருந்தால் பார்க்கிங் வாங்காதீர்கள். மெட்ரோ பி லைனில் ஹாலிவுட்/ஹைலேண்ட் நிலையத்தில் இறங்கி மேட்டில் சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்தால் அரங்கம்.

மழை வந்தாலும் நிகழ்ச்சி நடக்கும், மழையைச் சொல்லிப் பணம் திரும்பக் கேட்க முடியாது. நண்பருக்கான டிக்கெட்டை ஸ்கிரீன்ஷாட்டாக அனுப்பாமல், டிக்கெட் செயலியிலேயே அவர் பெயருக்கு மாற்றிவிடுங்கள். பார்கோடு அடிக்கடி மாறும் வகையாக இருந்தால் படம் வாசலில் வேலை செய்யாது. உங்களுடையதை வீட்டிலேயே போன் வாலட்டில் சேர்த்துவிடுங்கள். ஆயிரக்கணக்கானோர் திரளும் வாசலில் சிக்னலை நம்ப முடியாது.