கப்பல் டிப்ஸ்: ஏற முதல் கணக்குப் பாருங்கோ

கிளிநொச்சி, முல்லைத்தீவில் இருக்கிற அம்மா அப்பாவையும் கூட்டிக்கொண்டு உல்லாசக் கப்பலில் போகப்போறீங்களோ? டிக்கெட் காசோடு டிப்ஸையும், அதாவது கப்பல் வேலையாட்களுக்குக் குடுக்கிற காசையும், கூட்டிப் பாருங்கோ. அமெரிக்கக் கம்பனிகள் பலவற்றில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 16 தொடக்கம் 20 டொலர் வரை அறைக் கணக்கில் தானாக ஏறும். நாலு பேர், 7 இரவு, 18 டொலர் என்றால் 504 டொலர். பிள்ளைகளுக்கும் பெரும்பாலும் அதே தொகைதான்.

குடிவகைக்கு 18–20 வீதம் வேறாகச் சேரும். அந்தப் பில்லில் டிப்ஸுக்கென்று இன்னொரு வெற்று இடமும் இருக்கும். தெரியாமல் நிரப்பினால் இரண்டு தரம் குடுத்த மாதிரி.

நாளுக்கு நாள் ஏறுற டிப்ஸைப் பல கப்பல்களில் வரவேற்பு மேசையில் சொல்லிக் குறைக்கலாம், ஆனால் இறங்க முதல் சொல்லவேணும். முழுதாக வெட்டாதேங்கோ: அது அறை துப்புரவாக்கிறவை, சாப்பாடு பரிமாறுறவை பங்குபோடுற காசு. கட்டாயமென்றால் டிக்கெட் விலையிலேயே போடலாமே என்ற கோபம் நியாயம்தான். அதைக் கம்பனியிட்டக் காட்டுங்கோ.