லொத் நதிப் பள்ளத்தாக்கில் முதல் சரளைப் பயணம்: காவோரிலிருந்து ஒரு சுற்றுப்பாதை

தென்மேற்குப் பிரான்ஸின் லொத் நதி சேவென் மலைப்பகுதியில் தோன்றி, ஏறத்தாழ 480 கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஓடி, கரோன் நதியில் கலக்கிறது. வழியில் மூன்று பக்கமும் ஆறு சூழ அமைந்திருக்கும் ஊர் காவோர். சரளைப் பாதைகளில் ஓட்டுவதற்கான கிராவல் மிதிவண்டியை வாங்கிவிட்டு எங்கே தொடங்குவது என்று யோசிப்பவருக்கு நான் முதலில் சொல்லும் இடம் இதுதான். முழுச் சுற்று சுமார் 75 கிலோமீட்டர். ஒரே நாளில் முடிக்கலாம், ஆனால் புதியவர்கள் வழியில் உள்ள சேன் சீர் லபோபி என்னும் ஊரில் ஓர் இரவு தங்கி இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்வது நல்லது.

படி 1: ஆற்றை அல்ல, ஏற்றங்களை எண்ணுங்கள்

நதிப் பள்ளத்தாக்கு என்றவுடன் நாள் முழுவதும் ஆற்றை ஒட்டியே சமதளத்தில் ஓட்டலாம் என்றுதான் பலரும் எதிர்பார்க்கிறார்கள். லொத் பள்ளத்தாக்கின் இந்தப் பகுதியில் அது நடக்காது. ஆற்றுக்கும் சுண்ணாம்புப் பாறைச் சுவருக்கும் இடையே உள்ள சிறிய இடத்தைத் தார்ச்சாலையும் வயல்களும் வீடுகளும் எடுத்துக்கொண்டுவிட்டன. நாம் தேடும் வெள்ளைச் சரளைப் பாதைகள் ஏறக்குறைய 200 மீட்டர் உயரத்துக்கு மேலே, கோஸ் என்று அழைக்கப்படும் வறண்ட பீடபூமியில் இருக்கின்றன. ஆகவே ஒரு நாள் பயணத்தைத் திட்டமிடும்போது எத்தனை கிலோமீட்டர் என்பதைவிட, ஆற்றிலிருந்து பீடபூமிக்கு எத்தனை முறை ஏறுகிறோம் என்பதையே கணக்கில் கொள்ள வேண்டும். புதியவருக்கு ஒரு நாளைக்கு ஒரே ஏற்றம் போதும். இந்தச் சுற்றுப்பாதை அப்படித்தான் அமைந்திருக்கிறது.

படி 2: வரைபடத்தைப் படிக்கப் பழகுங்கள்

பிரெஞ்சு தேசிய நிலவரைபட நிறுவனமான ஐஜிஎன் வெளியிடும் 1:25,000 அளவு வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் 250 மீட்டர். அதில் விடாமல் செல்லும் மெல்லிய கறுப்புக் கோடு பெரும்பாலும் டிராக்டர் போகும் பண்ணைப் பாதையையும், விட்டுவிட்டுச் செல்லும் கோடு ஒற்றையடிப் பாதையையும் குறிக்கும். முதல் பயணத்தில் முதல் வகையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதே நிறுவனத்தின் இணைய வரைபடத் தளத்தில் வரைபடத்தையும் வான்வழிப் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். படத்தில் வெள்ளைக் கீற்றாகத் தெரியும் பாதை சுண்ணாம்புச் சரளை. ஓக் மரங்களின் அடியில் மறைந்துபோகும் பாதையில் பெரிய கற்களும் வேர்களும் இருக்கலாம் என்று எண்ணி நேரத்தைக் கூடுதலாக ஒதுக்குங்கள். கைப்பேசிச் செயலி தானாக வரைந்து தரும் வழியை இப்படி ஒரு முறை சரிபார்க்காமல் கிளம்ப வேண்டாம்.

படி 3: டயரும் கியரும்

இங்குள்ள சுண்ணாம்புக் கற்கள் உடைந்த விளிம்போடு கூர்மையாக இருப்பதால், 40 மில்லிமீட்டருக்குக் குறைவான டயர் வேண்டாம். 45 இன்னும் நல்லது. ட்யூப் இல்லாத டயரில் அடைப்புத் திரவம் ஊற்றிக்கொண்டு போனால் சிறு துளைகள் தாமாகவே அடைபட்டுவிடும். சுமார் 70 கிலோ எடையுள்ளவர் 2 முதல் 2.5 பார் வரையிலான காற்றழுத்தத்தில் தொடங்கி, சக்கர வளையம் கல்லில் இடிக்காத அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பார்க்கலாம். மிகச் சிறிய கியரில் முன்பல்சக்கரமும் பின்பல்சக்கரமும் ஒரே எண்ணிக்கையில் பற்கள் கொண்டவையாக இருந்தால், ஏற்றத்தில் இறங்கித் தள்ளும் நிலை பெரும்பாலும் வராது. பிரெஞ்சுச் சட்டப்படி மணி கட்டாயம். ஊருக்கு வெளியே இரவிலோ வெளிச்சம் குறைந்த நேரத்திலோ ஓட்டினால் ஒளி எதிரொளிக்கும் மேலங்கியும் கட்டாயம். 12 வயதுக்குட்பட்ட குழந்தைகள் தலைக்கவசம் அணிய வேண்டும் என்பது 2017 முதல் உள்ள விதி, பெரியவர்களும் அணிந்துகொள்ளுங்கள்.

படி 4: நாளையும் தண்ணீரையும் முடிவு செய்யுங்கள்

மே, ஜூன், செப்டம்பர் மாதங்கள் ஏற்றவை. ஜூலை, ஆகஸ்டில் பிற்பகல் வெயில் பீடபூமியில் கடுமையாக இருக்கும். செப்டம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி முடிய வேட்டைக் காலம். வேட்டை நடக்கிறது என்ற பலகை பாதையோரம் இருந்தால் அந்த வழியை விட்டுவிட்டுத் தார்ச்சாலைக்குத் திரும்பிவிடுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் மெத்தனம் கூடாது. சுண்ணாம்புப் பாறை மழைநீரை உடனே உறிஞ்சிக் கீழே அனுப்பிவிடுவதால், மேலே ஓடையோ ஊற்றோ கிடைப்பது அரிது. கீழே இத்தனை பெரிய ஆறு ஓடியும் மேலே நா வறண்டுபோவது இதனால்தான். ஆளுக்கு இரண்டு லிட்டராவது எடுத்துக்கொள்ளுங்கள். தீர்ந்துவிட்டால் ஊர்க் கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்கள். பிரெஞ்சுக் கிராமங்களில் பெரும்பாலும் அதன் வாயிலருகே ஒரு குழாய் இருக்கும். குடிக்கத் தகாத நீர் என்ற பலகை இல்லையா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். கிராமக் கடைகள் நண்பகலில் இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ மூடியிருக்கும், ஞாயிறு பிற்பகலிலும் திங்களன்றும் பல கடைகள் திறக்கவே மாட்டா. ஆகவே சாப்பாட்டைக் காலையிலேயே வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: காவோரிலிருந்து பூசியேஸ் வரை

முதல் பகுதி ஆற்றோடு கிழக்கு நோக்கிச் செல்கிறது. வடகரையில் டி 653, அடுத்து டி 662 ஆகிய சாலைகளில் கார்கள் போகும். காலை எட்டு மணிக்கு முன்னால் கிளம்பினால் தொல்லை குறைவு. வரைபடத்தில் வெள்ளை நிறத்தில் காட்டப்படும் சிற்றூர்ச் சாலை கிடைக்கும் இடங்களில் அதற்கு மாறிக்கொள்ளுங்கள். பூசியேஸ் என்னும் சிற்றூரை நெருங்கும் இடத்தில் வடக்கிலிருந்து செலே நதி வந்து லொத்தோடு சேர்கிறது. அந்தச் சிறிய பள்ளத்தாக்கில்தான், கபரே என்னும் ஊருக்கு மேலே, 1922இல் கண்டுபிடிக்கப்பட்ட பெஷ் மெர்ல் குகை ஓவியங்கள் உள்ளன. அதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். இந்தச் சுற்றோடு சேர்த்து அவசரமாகப் பார்த்துவிட்டு வரக்கூடிய இடமல்ல அது.

பூசியேஸிலிருந்து சேன் சீர் லபோபியை நோக்கி ஆற்றோரமாக ஒரு பழைய இழுவைப் பாதை செல்கிறது. சரக்குப் படகுகளைக் கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்துச் சென்ற காலத்தில், பாறை நேராக ஆற்றுக்குள் இறங்கி வழியை மறித்த இந்த இடத்தில், 19ஆம் நூற்றாண்டில் பாறையையே குடைந்து நடைபாதை அமைத்தார்கள். தலைக்கு மேலே பாறைக் கூரை, ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் திறந்த ஆறு. சுவரின் ஒரு பகுதியில் டானியல் மோனியே என்னும் சிற்பி நம் காலத்தில் செதுக்கிய நீண்ட புடைப்புச் சிற்பம் இருக்கிறது. இங்கே இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டே செல்லுங்கள். கூரை தாழ்வானது, நடப்பவர்கள் மிகுதி, தரை ஈரமாக இருந்தால் வழுக்கும். பாதை மூடப்பட்டுள்ளது என்ற அறிவிப்பு இருந்தால் மேலே செல்லும் டி 40 சாலையே மாற்று வழி.

படி 6: ஏற்றம்

சேன் சீர் லபோபி ஆற்றுக்குச் சுமார் 100 மீட்டர் மேலே பாறை விளிம்பில் அமைந்த ஊர். ஏற்றத்தில் பாதி இங்கேயே முடிந்துவிடும். தண்ணீரை நிரப்பிக்கொண்டு, மீதிப் பாதியைச் சிறிய கியரில், இருக்கையை விட்டு எழாமல் ஏறுங்கள். சரளையில் எழுந்து நின்று மிதித்தால் எடை முன்னால் போய்விடும். பின்சக்கரம் பிடிப்பை இழந்து சுழலத் தொடங்கும். மூச்சு வாங்கும்போது முழுவதுமாக நின்றுவிடுவதைவிட, பேசிக்கொண்டே மிதிக்கக்கூடிய அளவுக்கு முன்கூட்டியே வேகத்தைக் குறைத்துக்கொள்வது நல்லது.

படி 7: பீடபூமியில்

இனி நீங்கள் லிமோஞ் கோஸில் இருக்கிறீர்கள். குட்டையான ஓக் மரங்கள், சாந்து இல்லாமல் கல்மேல் கல் அடுக்கிய சுவர்கள், நடுநடுவே மேய்ப்பர்கள் ஒதுங்கிய கூம்புக் கூரைக் கற்குடில்கள். இந்தப் பகுதி 1999 முதல் கெர்சி கோஸ் வட்டார இயற்கைப் பூங்காவின் பகுதியாக உள்ளது. 2017இல் யுனெஸ்கோ இதை உலகப் புவிப்பூங்காவாக ஏற்றது. தெற்கே கொன்கோ, அதற்கப்பால் பாக் என்று சிற்றூர்களை இணைத்து ஓட்டுங்கள்.

கண்ணைச் சுற்றிக் கறுப்புக் கண்ணாடி மாட்டியதுபோல் இருக்கும் வெள்ளை ஆடுகளை இங்கே பார்க்கலாம். இந்தக் கோஸுக்கே உரிய இனம் அது. ஆடுகள் மேயும் இடத்தில் கம்பிப் படல்கள் குறுக்கே வரும். அவற்றைத் திறக்கும்போது படலின் கடைசிக் கம்பை மேல் வளையத்திலிருந்து விடுவித்து, பிறகு கீழ் வளையத்திலிருந்து தூக்க வேண்டும். மூடும்போது கீழ் வளையத்தில் முதலில் செருகி, தோளால் கம்பைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு மேல் வளையத்தை மாட்ட வேண்டும். திறந்திருந்த படலைத் திறந்தபடியும் மூடியிருந்ததை மூடியும் விடுவது ஆட்டுக்காரருக்கு நாம் தர வேண்டிய குறைந்தபட்ச மரியாதை. தனியார் இடம் என்ற பலகையைக் கண்டால் திரும்பிவிடுங்கள்.

படி 8: பாக்கிலிருந்து காவோர்

இந்தச் சுற்றின் சிறந்த பகுதி இதுதான். ஸ்பெயினின் சந்தியாகோ திருத்தலத்துக்கு நடந்து செல்வோரின், ஜிஆர் 65 என்று குறிக்கப்படும் யாத்திரைப் பாதையில் பாக் முதல் காவோர் வரையிலான 26 கிலோமீட்டர், 1998இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்ட பகுதிகளுள் ஒன்று. இதில் பெரும்பகுதி, கமி ஃபெராட் என்று உள்ளூரார் சொல்லும் பழைய ரோமானியச் சாலைத் தடத்தின் மேலேயே, அதிகம் வளையாமல் செல்கிறது. வெள்ளையும் சிவப்புமான இரு பட்டைகள் சரியான வழியைக் காட்டும். அதே நிறங்களில் பெருக்கல் குறி இருந்தால் தவறான வழி.

யாத்திரிகர்கள் மேற்கு நோக்கி நடப்பதால் நீங்கள் எப்போதும் அவர்களின் முதுகுப் பக்கமாகவே வருவீர்கள். ஐம்பது மீட்டர் முன்பே மணி அடித்து, வேகத்தைக் குறைத்து, ‘போன்ஷூர்’ சொல்லி, நடக்கும் வேகத்தில் கடந்து செல்லுங்கள். முதுகில் பெரிய மூட்டையோடு நாள் முழுவதும் நடப்பவர்கள் சட்டென ஒதுங்க இயலாது.

காவோருக்கு இறங்கும் கடைசிச் சரிவு செங்குத்தானது. திருப்பத்துக்கு முன்பே பிரேக்கைப் பிடித்து வேகத்தைக் குறைத்து, திருப்பத்துக்குள் விட்டுவிடுங்கள். சரளையில் திரும்பிக்கொண்டே முன்பிரேக்கை அழுத்தினால் முன்சக்கரம் வழுக்கிவிடும். இடுப்பைப் பின்னால் தள்ளி, பெடல்களைச் சம உயரத்தில் வைத்து, ஐந்தாறு மீட்டர் முன்னால் பார்த்தபடி இறங்குங்கள். சரிவு முடிந்ததும் லூயி பிலிப் பாலம் உங்களை ஊருக்குள் கொண்டு சேர்க்கும்.

காவோர் ரயில் நிலையம் பாரிஸ்–துலூஸ் பாதையில் இருக்கிறது. நெடுந்தூர ரயிலில் வண்டியை ஏற்ற முன்பதிவு வேண்டும். வட்டார ரயில்களில் பெரும்பாலும் தேவையில்லை. ரயில் ஏறுவதற்கு முன் சங்கிலியில் படிந்த சுண்ணாம்புத் தூசியை உலர்ந்த துணியால் துடைத்து எண்ணெய் விட்டுவிடுங்கள்.